ஜெபத்தில் ஒரு கடன்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு. காரைக்குடியில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில், இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம் பாடம். ஏழாவது படிக்கிற ஒரு பையனை மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். 12-ஆம் வசனத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று பைபிளில் இருக்கிறது. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போதோ ‘குற்றங்களை’ என்கிறோம். “சார், எது சரி?” என்றான். ரெண்டும் ஒண்ணுதான் என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. “அப்ப எங்கம்மா குழுக் கடனையும் மன்னிச்சிருவாங்களா சார்?” மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

கணக்குப் புத்தகத்தோடு பிழைக்கிறவன் நான். நாலைந்து கடைகளுக்குப் பேரேடு எழுதி வரிக் கணக்கு முடித்துக் கொடுப்பது தொழில். கடன் என்ற சொல் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது காதில் விழும். ஆனாலும் விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவரும் ஜெபத்துக்குள் அது உட்கார்ந்திருப்பதைக் கவனித்ததில்லை. பையன் கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன்.

மத்தேயுவின் கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘ஒஃபெய்லேமா’. ஒருவருக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பாக்கி என்பது அதன் நேர்ப்பொருள். இயேசு பேசிய அரமாயிக்கில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல் கடனுக்கும் பாவத்துக்கும் பொது. லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் இதே ஜெபம் வேறு விதமாக வருகிறது. தேவனிடம் கேட்கும் பாதியில் ‘பாவங்கள்’, நாம் அடுத்தவருக்கு மன்னிக்கும் பாதியில் ‘கடன்பட்டவன்’. அதாவது தேவனோடு இருப்பது பாவக் கணக்கு, பக்கத்து வீட்டுக்காரரோடு இருப்பது நிஜக் கடன்.

தமிழுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. தேவாரத்திலும் புறநானூற்றிலும் கடன் என்றால் கடமை. சாமிக்கு நேர்ந்துகொண்டது நேர்த்திக்கடன். விடிந்ததும் கழிப்பது காலைக்கடன். மனசில்லாமல் வேலை பார்க்கிறவனைக் ‘கடனேன்னு செய்யறான்’ என்கிறோம். வாங்கியதும் கடன்தான், செய்ய வேண்டியதும் கடன்தான். கிறிஸ்தவ விசுவாசம் இன்றைய சமுதாயத்தில் என்ன பொறுப்பைக் கேட்கிறது என்று யாராவது கேட்டால், இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பாதிப் பதிலைச் சொல்லிவிடலாம். அதுவும் வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த இந்தச் செட்டிநாட்டில்.

கடன் குற்றமாக மாறியதில் என்ன போயிற்று என்று கேட்கலாம். குற்றம் என்றதும் நம் மனசு போகும் இடம் தெரிந்ததுதான். குடி, பொய், கோள், சினிமா, ஆண் பெண் விவகாரம். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட பிரசங்கங்களில் முக்கால்வாசி இவற்றைப் பற்றித்தான். ஐந்து வட்டிக்கு விடுவது பாவமா என்று ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. வட்டிக்கு விடுகிறவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவத்தின் பெருங்கதையும் ஒருவரின் வீட்டு ஒழுக்கத்தைச் சுற்றியதுதான். லிஸ்பனில் 1647-இல் பிறந்த பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) மறவர் சீமைக்கு வந்து ஊழியம் செய்தார். அந்தச் சீமையின் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அந்தக் கோபம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தரின் தலையை வாங்கியது. 1947-இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. தேவகோட்டையில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பி ஓரியூர்ச் செம்மண்ணைக் கொண்டுபோகிறவர்கள் மத வித்தியாசம் பார்ப்பதில்லை. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் விலக்கப்பட்ட பெண்களின் பக்கத்திலிருந்து யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் மனம் திரும்பும்போது அந்தச் செலவு யார் பற்றில் ஏறுகிறது என்று கேட்க நமக்குப் பழக்கமில்லை.

பைபிளோ அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. சிறுமைப்பட்டவனுக்குப் பணம் கொடுத்தால் வட்டி சுமத்தாதே என்கிறது யாத்திராகமம் 22. போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, ராத்திரி அவன் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று அதே அதிகாரம் கேட்கிறது. உபாகமம் 24 இன்னும் கறார். திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவது. அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். இந்தக் கடைசி வரியை முதல் தடவை கவனித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கடன் வாங்கியவனுக்கும் வீட்டு வாசற்படி உண்டு என்று ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தைய உலகத்தில் ஒருவர் சட்டம் எழுதியிருக்கிறார்.

ஏழாம் வருடம் கடன் விடுதலை, ஐம்பதாம் வருடம் யூபிலி என்று பெரிய ஏற்பாடுகளும் உண்டு. யூபிலியில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். அது முழுசாக எப்போதாவது நடந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இருக்கிறது. ஆனால் அந்த நினைப்பு சாகவில்லை. 2000-ஆம் ஆண்டு யூபிலியை ஒட்டி ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி உலகம் முழுக்கச் சபைகள் இயக்கம் நடத்தின. 2025 யூபிலிக்கும் போப் பிரான்சிஸ் அதையே கேட்டார்.

இயேசு சொன்ன கடன் கதை மத்தேயு 18-இல் இருக்கிறது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து பாக்கி வைத்தவன் காலில் விழுகிறான், ராஜா முழுசாகத் தள்ளுபடி செய்கிறார். அவன் வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். இங்கே கணக்குப்பிள்ளை புத்தி வேலை செய்யாமல் இருக்குமா? ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் நாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ராஜாவுக்கு வர வேண்டியது 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை பார்த்தால் 2 லட்சம் வருடம் ஆகும். யாராலும் கட்டவே முடியாத தொகை. அது கதையின் நகைச்சுவை.

ஆனால் நூறு வெள்ளிப்பணத்தைப் பிரசங்கத்தில் ‘அற்பத் தொகை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது நூறு நாள் கூலி. நம்மூரில் ‘நூறு நாள் வேலை’க்குப் போகிற எந்த அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள், அது அற்பமா என்று. தண்டல்காரர் கணக்கும் நூறு நாள்தான். 10,000 என்று பேர் எழுதிக் கையில் 8,500 அல்லது 9,000 கொடுப்பார், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 8,500 வாங்கியவருக்கு அது ஆண்டு வட்டியாக நூறு சதவீதத்தைத் தாண்டும். ஆக, இயேசு சொன்னது உதறித் தள்ளிவிடக்கூடிய சில்லறையை மன்னிப்பது பற்றி இல்லை. வலிக்கிற தொகையைப் பற்றி.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்தேயு 25-இல் தாலந்தைப் புதைத்து வைத்த வேலைக்காரனிடம் எஜமான், ‘காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பேனே’ என்கிறான். வட்டி என்ற சொல்லே தீட்டு என்று பைபிளை வாசிக்க முடியாது. சபையின் வரலாறும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியதுதான். 1179-இல் ரோமில் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிய வட்டிக்கு விடுகிறவனுக்கு நற்கருணையும் இல்லை, கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்றது. அன்றைக்குக் கடன் என்றால் பெரும்பாலும் பசிக்கு வாங்குவது, விதைநெல்லைத் தின்றுவிட்டவன் வாங்குவது. அவனிடம் கூடுதலாகக் கேட்பது பசியில் லாபம் பார்ப்பது. வியாபாரம் பெருகி, கடன் வாங்கியவனும் அதை வைத்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் நியாயம் மாறியது. 1545-இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து, ஏழையிடம் வாங்காதே, வியாபாரியிடம் அளவோடு வாங்கலாம் என்ற மாதிரி எழுதினார். ரோம் 1745-இலும் பழைய தடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1830-க்குப் பிறகுதான் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கிளற வேண்டாம் என்று தளர்ந்தது.

தடை போட்டதோடு நிற்காமல் மாற்று ஏற்பாடு செய்தவர்களும் உண்டு. அதைத்தான் நான் பெரிசாக நினைக்கிறேன். 1462-இல் இத்தாலியின் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியில் ஒரு அடகுக் கடை திறந்தார்கள். ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன், அந்த வட்டியும் கடை நடத்தும் செலவுக்கு. அந்த வட்டியை வாங்கலாமா என்று ஐம்பது வருடம் சண்டை நடந்து, 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் சரி என்றது.

இன்னொருவர் ஜெர்மனியின் ராய்ஃபைசன். கிராமத்து மேயர், பக்தியான புராட்டஸ்டன்ட். 1846-47 பஞ்சத்தில் ஊராருக்கு ரொட்டி கொடுக்கச் சங்கம் வைத்தார். தர்மம் மட்டும் போதாது என்று கண்டு 1864-இல் கடன் சங்கத்துக்கு வந்தார். ஒரு கோயில் பங்கின் எல்லைக்குள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்தான் உறுப்பினர். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. லாபம் பொது நிதிக்கு. அந்தச் செய்தி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. விவசாயிகளின் கடன் சுமையை ஆராயச் சொல்லி அரசு அனுப்பிய பிரெடரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் கொடுத்த அறிக்கைகளின் சாரம், ‘ராய்ஃபைசனைக் கண்டுபிடியுங்கள்’ என்பதுதான். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நம் ஊர்ச் சொசைட்டியில் உரத்துக்கும் நகைக் கடனுக்கும் வரிசையில் நிற்கிறோமே, அதன் வம்சாவளியில் ஒரு ஜெர்மன் மேயரின் பக்தியும் இருக்கிறது. எங்கள் சபையில் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. நான் சொன்னபோதும் பெரிசாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

செட்டிநாட்டுக்கு வருவோம்.

பல வருடங்களுக்கு முன் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் பங்காளிகள் பாகம் பிரித்தபோது பழைய கணக்குகளைப் பட்டியல் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் கட்டில் ஓர் அறை. வௌவால் வாடை. ஆள் உயர இரும்புப் பெட்டிக்குள் துணியில் சுற்றிய பேரேடுகள். பர்மாவில் வட்டிக்கு விட்ட கணக்கு. பிரித்ததும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே விலாசம். நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் பேச்சில் விலாசம் என்றால் தெரு முகவரி இல்லை, கடையின் தலையெழுத்துகள். அதற்கப்புறம், ஆட்களின் பற்று வரவுக்கு முன்னால், சாமி பேரில் ஒரு கணக்கு. மகமை. தொழிலில் வருவதில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் முதலிலேயே எடுத்து வைக்கும் வழக்கம். அந்த வீட்டு ஆச்சி நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “அதுல சாமி பாக்கி இருக்கான்னு பாருங்க தம்பி” என்றார். பர்மாக்காரர்கள் அந்த வீட்டுக்குத் தர வேண்டியது பக்கம் பக்கமாக இருந்தது. அவர் கேட்டது அந்த வீடு தர வேண்டியதை.

நாங்கள் தசமபாகம் என்பதும் ஏறக்குறைய இதேதான். இரண்டுக்கும் ஒரே ஆபத்தும் உண்டு. வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்று எடுத்துவைத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று மத்தேயு 23-இல் இயேசு பரிசேயரைக் கேட்டார். ஒரு பங்கு கொடுத்தாயிற்று, மிச்சப் பங்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதி. அது எந்த மதத்துக்கும் தனிச் சொத்தில்லை.

செட்டியார்களைத் திட்டுவது சுலபம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பர்மாவின் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். நடுவில் நடந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, விவசாயியால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. நிலத்தை வைத்துக்கொள்ளச் செட்டியார்களுக்கு ஆசையில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம். அவர்கள் வாங்கிய வட்டி அங்கே மற்றவர்கள் வாங்கியதைவிடக் குறைவு என்று அந்தக் கால வங்கி விசாரணைக் குழுவே பதிவு செய்தது. அப்படியும் பர்மியக் குடியானவர் நிலம் போயிற்று. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது செட்டியாரும் நடந்தே ஊர் திரும்பினார், சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. இதில் கெட்டவன் யார் என்று விரல் நீட்டினால் எந்தப் பக்கமும் சரியாகப் போகாது. கெட்டவன் இல்லாமலே ஒரு பெரிய கெடுதல் நடந்து முடிந்திருக்கிறது.

இப்படிப்பட்டதைச் சொல்லத்தான் இரண்டாம் ஜான் பால் 1987-இல் தன் சுற்றுமடலில் ‘பாவத்தின் கட்டமைப்புகள்’ என்ற சொல்லைப் பிடித்தார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே போவார்கள், கடைசியில் ஒரு குடும்பம் நசுங்கியிருக்கும். யாரும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய அளவுக்கு எதுவும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கட்டமைப்பும் ஆட்கள் ஒவ்வொருவரும் செய்ததும் செய்யாமல் விட்டதும் சேர்ந்து எழுந்ததுதான், வானத்திலிருந்து விழவில்லை என்பது அவர் வாதம். இன்றைய சமுதாயத்தில் பொறுப்பு என்பதைப் பற்றி நான் படித்ததில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான்.

அந்தச் செட்டியாருக்கு ஒரு முகம் இருந்தது. கடன் வாங்கியவர் அவர் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் வந்து கெஞ்சலாம், திட்டலாம், மண்ணை வாரித் தூற்றலாம். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தது. லேவாதேவி வங்கியாக மாறிய கதையில் அது ஒரு முக்கியமான நாள். வங்கி வந்தது நல்லதுதான், வட்டி குறைந்தது, ரசீது கிடைத்தது. ஆனால் கொடுக்கிறவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. இன்றைக்கு அது அறவே இல்லை.

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலை பார்க்கலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தோளில் பையும் கையில் டேபும் வைத்துக்கொண்டு வசூலுக்கு ஒரு தம்பி வருவான். குழுவாகக் கடன் வாங்கியிருக்கிறார்கள். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதத்தை ஒட்டி வரும். நம் கணக்கில் ரெண்டு வட்டி, நூற்றுக்கு மாசம் ரெண்டு ரூபாய். கந்து வட்டியோடு ஒப்பிட்டால் இது தேவலாம், அதை மறுக்க முடியாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், கட்டும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்ற கலாத்தியர் வசனத்தைக் கடன் வசூலுக்கான ஈடாக மாற்றினால் எப்படி இருக்குமோ, அப்படி. வாசற்படிக்கு வெளியே நில் என்ற உபாகமச் சட்டம் திண்ணையோடு முடிந்துபோகிறது.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்தது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு மசோதாவை நிறைவேற்றியது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் இப்படிப்பட்ட கடன்களில், எல்லாத் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி.

அந்தப் பையனின் அம்மாவுடைய அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். அவராகத்தான் கொண்டுவந்தார், பையன் சொல்லியிருக்கிறான். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு கல் பட்டறையில் வேலை. பூக்கல்லுக்குக் கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுவார்கள், அதற்கு எடுபிடி. கணவர் பெயின்டர், மழைக்காலத்தில் வேலை இருக்காது. ரெண்டு பேர் வருமானமும் சேர்ந்து நல்ல மாதத்தில் 18,000. மூன்று இடத்தில் குழுக் கடன், தவணை மொத்தம் 11,200. பாதிக்கு மேல் போயாயிற்று. எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால், ஒரு படிவத்தில் குடும்ப வருமானம் 25,000 என்று இருக்கிறது. “இதை யார் எழுதுனதுக்கா?” என்றேன். “தெரியல சார். கையெழுத்துப் போடச் சொன்னாங்க.” எதற்கு வாங்கிய கடன் என்ற இடத்தில் ‘தையல் தொழில்’ என்று இருந்தது. அவர் வீட்டில் தையல் மிஷின் கிடையாது. முதல் கடன் மாமியார் ஆஸ்பத்திரிச் செலவு, ரெண்டாவது மகள் சடங்கு, மூன்றாவது முதல் ரெண்டையும் கட்ட. கால்வின் பிரித்துக் காட்டிய பசிக் கடனும் தொழில் கடனும் இந்தப் படிவத்தில் ஒன்றாகிவிட்டன.

சரி, இதில் நான் எங்கே இருக்கிறேன்? மகள் கல்யாணத்துக்கென்று பேங்கில் டெபாசிட் போட்டிருக்கிறேன். கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட். பேங்க் குழுக் கடன் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கடன் கொடுக்கிறது, ஃபண்டுகள் அவற்றின் கடன் பத்திரத்தை வாங்குகின்றன. என் ரூபாய் எந்தத் திண்ணைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் சௌகரியமே. பட்டாசாலைச் செட்டியாரின் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது நானும் என்னைப் போன்றவர்களும்தான், ஆனால் எங்கள் வீட்டு வாசலில் யாரும் மண்ணை வாரித் தூற்ற முடியாது.

சபைகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் அரிசி கொடுக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுகிறார்கள். 1833-இல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர் தொடங்கி வைத்தது, இன்றும் நடக்கிறது. எங்கள் சபையிலும் ஏழைகளுக்கென்று ஒரு காணிக்கைப் பெட்டி உண்டு. ஆனால் பெட்டியைத் திறந்து 500 ரூபாய் எடுத்துக் கொடுக்கும் கைதான், வெளியே மூன்று வட்டிக்கு விடுகிறதா என்று பார்ப்பதில்லை. நற்கருணைக்குப் போகிறவரிடம் 1179-இல் கேட்ட கேள்வியை இப்போது கேட்கிறவர் கிடையாது. மகமையாவது பேரேட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. எங்கள் விசுவாசத்துக்குப் பேரேட்டில் இடமே இல்லை, அது ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பையில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்லும் ஊரில், கொடுப்பதைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாங்குவதைப் பற்றித்தான் பேச ஆளில்லை.

சகேயு பேசினான். எரிகோவின் வரி வசூல்காரன், குள்ளன், மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்தவன். வீட்டுக்கு அவர் வந்ததும் அவன் சொன்னது, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மரம் ஏறுவதைத்தான் நடித்துக் காட்டுகிறோம். திருப்பிக் கொடுத்ததை நடிக்க வேண்டுமானால், அவன் பழைய கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்க வேண்டும்.

போதகரிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல மனுஷர். குழுக் கடன் வாங்கியவர்களின் அட்டைகளைப் பார்த்துச் சொல்ல மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார். வருமானம் தப்பாக எழுதியிருந்தால் எங்கே புகார் கொடுப்பது, எந்தக் கடனை முதலில் முடிப்பது, சொசைட்டியில் மாற்ற முடியுமா, இவ்வளவுதான். ஜெபத்தில் ‘கடன்களை’ என்று மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டதற்குச் சிரித்தார். கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு அக்கா வரவில்லை. அவர் தவணை 640 ரூபாய். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து 240 சேர்த்தார்கள். என் மனைவி உள்ளே போய் 300 எடுத்து வந்தாள். நூறு குறைந்தது. வசூல் தம்பி சருகணிப் பக்கத்து ஊர்க்காரன், பைக் சாவியில் ஜெபமாலை தொங்கும். தொகை குறைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரம் டேபையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் பர்சிலிருந்து நூறை எடுத்து அந்தக் கட்டோடு சேர்த்து வைத்தான். “யார்ட்டயும் சொல்லாதீங்கண்ணே” என்றான். டீயைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

ராத்திரி வீட்டு நோட்டில் எங்கள் 300-ஐ எழுத உட்கார்ந்தேன். கடன் என்று எழுதினால் திரும்பி வர வேண்டும். தர்மம் என்று எழுதினால் அந்த அக்காவுக்குத் தெரிந்தால் பிடிக்காது. ‘செவ்வாய்க்கிழமை – 300’ என்று மட்டும் எழுதி மூடி வைத்தேன்.